ஹேமநாதன் அண்ணன் பேரில் போன டின்

என் வீட்டுக்காரர் இறந்து நாற்பது நாள் கழித்து நான் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். எங்கள் ஊர் தம்போயிலிருந்து பாசிர் கூடாங் போகும் பக்கம் ஒரு தொழிற்சாலை. அங்கே கேண்டீனில் சமையல் வேலை. காலை ஆறு மணிக்குத் தொழிற்சாலை பஸ் பெரிய சாலைக்கு வரும். வெள்ளிக்கிழமை தோறும் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் அந்த வண்டியை எடுப்பார்கள். அப்படிப்பட்ட வண்டியில், விடிந்தும் விடியாத நேரத்தில், பொட்டில்லாத நான் முதல் ஆளாக ஏறினால் ஓட்டுகிறவர் மனசு சங்கடப்படுமே என்று எனக்குப் பயம். பஸ் நிறுத்தத்துத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பேன். நாலைந்து பேர் ஏறிய பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஏறுவேன்.

மூன்று நாள் அப்படி ஏறினேன். நான்காம் நாள் காலையில் நான் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பினால், என் வீட்டுச் சந்து முனையில் பஸ் நிற்கிறது. உள்ளே ஒரு ஆளும் இல்லை.

"ஏறும்மா" என்றார் ஓட்டுநர்.

"நான் பெரிய ரோட்டுலயே ஏறிக்கிறேன் அண்ணே. யாராவது முதல்ல..."

"இனிமே இங்கேர்ந்துதான் வண்டி கிளம்பும். நீ ஏறுனாத்தான் எனக்கு ரூட்டு ஆரம்பம். சீக்கிரம் ஏறு, மழை வருது."

மழை வரவில்லை. வானத்தில் நட்சத்திரம் கூட இருந்தது. அன்றிலிருந்து ஒன்பது வருடம் அந்த வண்டியில் முதல் ஆளாக ஏறியது நான்தான். ஏன் அப்படிச் செய்தார் என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. சாமி படத்துக்கு முன்னால் நிற்கும்போது என் பிள்ளைகள் பேரைச் சொன்ன கையோடு அவர் பேரையும் சொல்லுவேன். இன்றைக்கும் சொல்லுகிறேன்.

அவர் பேர் ஹேமநாதன். ஒல்லியான ஆள். கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு. சீன கோப்பிக் கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கும் கறுப்புக் கோப்பியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருப்பார். வண்டி நின்றால் ஒரு உறிஞ்சு, அவ்வளவுதான். ஹார்ன் அடிக்க மாட்டார். சக்கரம் உருளும்போது கைத்தொலைபேசியைத் தொடவே மாட்டார். அதை ஒரு டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுவார். "பின்னால நாப்பத்திரண்டு வீட்டு ஆளுங்க உக்காந்திருக்காங்க" என்பார்.

அந்த நல்ல பழக்கம்தான் அவர் மகளை அவரிடமிருந்து பிரித்தது.

அவர் மனைவிக்குச் சர்க்கரை வியாதி. சிறுநீரகமும் கெட்டுப்போய் மருத்துவமனையில் இருந்தார். ஒரு நாள் காலையில் திடீரென்று முடியாமல் போய்விட்டது. மகள் லோஷினி பதினோரு தடவை அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள். அண்ணன் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். தொழிற்சாலையில் எங்களை இறக்கிவிட்டு டப்பாவைத் திறந்து பார்த்தார். திரும்பி ஓடினார். அவர் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இழவு வீட்டில் எல்லார் முன்னாலும் அந்தப் பெண் சொன்னாள்: "ஊர்ல உள்ளவங்களை எல்லாம் நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டீங்க. அம்மாகிட்ட மட்டும் நேரத்துக்கு வரல."

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் சிகாமட்டில் இருக்கும் பெரியம்மா கிருஷ்ணம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு ரொட்டிக் கடையில் வேலை. நாலு வருடம் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவார். அவள் எடுக்க மாட்டாள்.

திங்கட்கிழமை காலையில் நான் ஏறியதும் கேட்பேன், "நேத்து எடுத்துச்சா அண்ணே?"

"ரிங் போச்சு, பிரேமலா. கட் பண்ணல பாரு. நம்பரையும் மாத்தல. வேணாம்னா மாத்தியிருக்குமில்ல?"

இதை இருநூறு திங்கட்கிழமை சொல்லியிருப்பார். அந்தப் பிள்ளை ஒரே ஒரு தடவை 'அப்பா' என்று கூப்பிட்டுவிட வேண்டும். அவருக்கு வாழ்க்கையில் வேறு ஆசையே இல்லை. நானும் அம்மனிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை. விடிய விடிய மழை. மழைக் காலத்தில் நான் நனையக்கூடாது என்று அண்ணன் அரை மணி முன்னதாகவே வந்து சந்து முனையில் வண்டியை அணைத்துப் போட்டுக் காத்திருந்தார். நான் சாமி கும்பிட்டுவிட்டுக் குடையோடு ஓடிப்போய் ஏறினேன். அவர் சாவியைத் திருப்பினார்.

வண்டியின் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. குழந்தை கத்துவது போல.

அண்ணன் உடனே அணைத்துவிட்டு மழையில் இறங்கி ஓடினார். எங்கள் சந்துக் கால்வாய் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கால்வாய் ஓரத்தில் கிடந்த பூனைக்குட்டிகள், தண்ணீருக்குப் பயந்து, சூடாக இருந்த எஞ்சினுக்குள் ஏறியிருக்கின்றன. மூன்று குட்டிகள். ஒன்று செத்துவிட்டது. ஒன்றுக்குப் பின்னங்கால் நசுங்கித் தொங்கியது. இன்னொன்றுக்கு வயிற்றுத் தோல் கிழிந்திருந்தது. துண்டை விரித்து இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். துண்டு சிவப்பாகிவிட்டது.

"மடியில வச்சுக்கம்மா" என்றார். "நான் பார்த்துட்டு எடுத்திருக்கணும். பார்க்காம எடுத்துட்டேன்."

எனக்காகத்தான் அந்த வண்டி அங்கே நின்றது. அவர் பார்க்கவில்லை என்று அவர் அழுதார். எனக்காக நின்றதே என்று நான் அழுதேன். அன்றைக்குப் பத்து நிமிஷம் தாமதம். ஏறியவர்கள் எல்லாம் மழை என்று நினைத்துக்கொண்டு காதில் பாட்டை மாட்டித் தூங்கிவிட்டார்கள். எனக்குப் பக்கத்தில் உட்காரும் இரண்டு பெண்களுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

எங்களை இறக்கிவிட்டு அவர் நேராக மிருக வைத்தியரிடம் போனார். சீன டாக்டரம்மா. ஒன்றுக்குக் காலை எடுக்க வேண்டும், ஒன்றுக்கு உள்ளே தையல் போட வேண்டும், வியாழக்கிழமை செய்யலாம் என்றாராம். கேட்ட தொகை அண்ணனின் ஒரு மாதச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வந்தது. பஸ் முதலாளியான தவுக்கேயிடம் முன்பணம் கேட்டிருக்கிறார். தவுக்கே சிரித்துவிட்டு, "பூனைக்கா?" என்று மட்டும் கேட்டாராம்.

"என்னண்ணே செய்யப் போறீங்க?" என்று புதன்கிழமை கேட்டேன்.

"அவ அம்மா சங்கிலி இருக்கு. லோஷினிக்குன்னு வச்சிருந்தது. அதை அடகு வச்சிட்டு அப்புறமா மீட்டுக்கலாம்."

"வேணாண்ணே. அது அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டியது."

"உயிரை வாங்கிட்டேனே பிரேமலா. ஒண்ணு போச்சு. மத்த ரெண்டையாவது..."

அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். அவரிடம் கேட்டால் கண்டிப்பாக வேண்டாம் என்பார். வியாழக்கிழமை அவர் லீவு. பூனைக்குட்டிகளோடு ஆபரேசனுக்குப் போகிறார். அவர் இல்லாத நேரத்தில் பஸ்ஸில் வசூல் செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அங்கேதான் நான் புத்தி கெட்டுப்போனேன்.

எங்கள் பஸ்ஸில் ஒரு காலி மைலோ மாவு டின் உண்டு. மூடியில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. யார் வீட்டிலாவது சாவு விழுந்தால், அந்த வீட்டிலிருந்து பஸ்ஸில் வரும் ஆள் பேரை ஒரு சீட்டில் எழுதி டின்னில் ஒட்டிக் கடைசி சீட்டிலிருந்து அனுப்புவோம். யாரும் எதுவும் கேட்கக்கூடாது. யார் எவ்வளவு போட்டார்கள் என்றும் பார்க்கக்கூடாது. துக்கத்தில் இருப்பவர்களைப் பற்றிக் கேள்வி கேட்டு வாயாடக்கூடாது என்பதற்காக யாரோ பழைய ஆட்கள் வைத்த ஒழுங்கு. எங்கள் பஸ் முடிந்ததும் தொழிற்சாலை வாசலில் அடுத்த பஸ்ஸுக்குப் போகும், அப்புறம் மூன்றாவது பஸ்ஸுக்கு. முன் சீட்டுக்காரி என்பதால் டின் என்னிடம்தான் இருந்தது.

வசூல் என்றால் எனக்குத் தெரிந்தது அந்த டின்தான். சீட்டில் 'ஹேமநாதன்' என்று எழுதி ஒட்டினேன். பூனை என்று எழுதத் தோன்றவில்லை. பூனைக்கு யார் போடுவார்கள், அண்ணனுக்கு என்றால் எல்லாரும் போடுவார்கள் என்று நினைத்தேன்.

அன்றைக்கு வண்டி ஓட்டியது புதிதாக வந்த ஒரு மலாய்க்காரத் தம்பி. அவனுக்கு ஒன்றும் தெரியாது. டின் பின்னாலிருந்து வரிசையாக வந்தது. ஒரு சின்னப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டாள். அடடா, பூனை விஷயம் எப்படியோ பரவிவிட்டது, பூனை என்றால் இந்தப் பிள்ளைக்கு உயிர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வாசலில் அடுத்த பஸ் ஓட்டுநர் வேலு டின்னை வாங்கிப் பேரைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த வேலுவுக்கா இவ்வளவு இளகின மனசு என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே நான் கேண்டீனுக்குப் போனேன்.

பத்து மணிக்கு மேற்பார்வையாளர் யுகேந்திரன் சமையல்கட்டுக்கு வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அக்கா, எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?"

"எதைத் தம்பி?"

"என்னக்கா இப்படிக் கேட்கறீங்க? ஹேமநாதன் அண்ணனைத்தான்."

அகப்பை சம்பல் சட்டிக்குள் விழுந்துவிட்டது. "அலமாக்! அவருக்கு என்னாச்சு?"

"நீங்கதானேக்கா டின்னு அனுப்புனீங்க! வண்டியிலயும் ஆளைக் காணோம், வீட்டுல அவரைத் தவிர வேற யாரும் இல்ல. பேரு போட்டு டின்னு வருது. வேற என்னன்னு நினைக்கிறது?"

"அது பூனைக்குட்டிக்கு லா!"

"சாவு டின்ன பூனைக்குட்டிக்கு அனுப்புனீங்களா? அதுவும் வீட்டுல ஒத்தையா இருக்கிற மனுசன் பேர்லயா?"

"ஆபரேசன் தம்பி... காலு நசுங்கிப்போய்..."

"ஐயோ அக்கா! நான் அண்ணன் படத்துக்கு மாலை போட்டு வாட்சப்ல அனுப்பிட்டேன். இருநூறு பேரு கை கூப்பிப் போட்டுட்டாங்க."

"எடுத்துடுப்பா, எடுத்துடு!"

"நம்ம குரூப்புல எடுத்துடலாம். யோங் பெங், சிகாமட்டுன்னு போனதை நான் எங்க போய் எடுப்பேன்?"

அண்ணனைக் கூப்பிட்டுப் பார்த்தோம். போன் அணைந்து கிடந்தது. அன்று முழுக்க நான் சமைத்ததில் உப்பு இருந்ததா இல்லையா என்று எனக்கே தெரியாது. வீட்டில் தனியாக இருக்கிற மனுஷன் பேரை என் கையால் சாவு டின்னில் எழுதிவிட்டேனே, தாயே, அது பலித்துவிடக்கூடாது என்று அடுப்பு முன்னாலேயே நின்று அழுதேன்.

சாயந்திரம் அவர் வீட்டுக்கு ஓடினேன். மூன்றாம் மாடி. வாசலில் செருப்பும் சப்பாத்துமாகக் குவியல். உள்ளே வெள்ளைச் சட்டை போட்டவர்கள், சர்க்கரை, மைதா ரொட்டி என்று கொண்டுவந்தவர்கள். வேலு பெரிய மாலையோடு மூலையில் உட்கார்ந்திருந்தார். நடுவில் கைலியும் பனியனுமாக ஹேமநாதன் அண்ணன். மடியில் ஒரு பூனைக்குட்டி, கையில் ஊசியில்லாத மருந்துக் குழாய். இன்னொரு குட்டி கழுத்தைச் சுற்றிக் காகிதப் பூ மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு பெட்டிக்குள் படுத்திருந்தது.

"வா பிரேமலா. நான் செத்ததுக்கு எவ்வளவு கூட்டம் பாரு. என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பேர் வரல."

"அண்ணே, என்னை மன்னிச்சுடுங்க..."

"அழாத. வேலு மாலையைப் பார்த்து அழு. கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டேங்கிறானாம்."

"போட்டுக்குங்கண்ணே, காசு வீணாப் போகுது" என்றார் வேலு. அழுதுகொண்டே சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

அப்போது படிக்கட்டில் ஒரு அலறல் கேட்டது. "அப்பா!"

சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்தக் குரலுக்காக நாலு வருடம் காத்திருந்தவர், அது வந்தபோது எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

லோஷினி ரொட்டிக் கடை உடுப்போடு வந்திருந்தாள். சட்டையில் மாவு. பெரியம்மா வாட்சப்பைக் காட்டியதும் அப்படியே ரயில் ஏறியிருக்கிறாள். வாசலில் சப்பாத்துகளைப் பார்த்ததும் உண்மைதான் என்று நினைத்து அலறிவிட்டாள். உள்ளே வந்தவள் அப்பாவைப் பார்த்தாள். பூனைக்குட்டியைப் பார்த்தாள்.

"எத்தனை வாட்டி போன் அடிச்சேன்! ஏன் எடுக்கல?"

"சார்ஜ் இல்லம்மா. காலையிலேர்ந்து கிளினிக்குல உக்காந்திருந்தேன்..."

"கிளினிக்குலயா? யாருக்கு?"

அவர் மடியைக் காட்டினார்.

"பூனைக்கு லீவு போட்டீங்க. அம்மாவுக்குப் போடல."

வீட்டில் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். அண்ணன் ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"ஆமாம்மா" என்றார். "அன்னிக்கு எனக்கு வண்டிய நிறுத்தத் தெரியல."

அவள் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் மறுபடியும் மருந்துக் குழாயை எடுத்தார். குட்டி தலையைத் திருப்பித் திருப்பி மருந்தெல்லாம் கைலியில் சிந்தியது. நான் போய்ப் பிடிக்கலாம் என்று எழுந்தேன். வேலு என்னைப் பார்த்துக் கையைக் காட்டி உட்கார வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் லோஷினி. அப்புறம் முட்டியாலேயே நகர்ந்து வந்தாள். "இப்படியா பிடிப்பாங்க? குடுங்க" என்று குட்டியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப ஊத்துங்க."

அவர் ஊற்றினார். நாங்கள் ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் எழுந்து எங்கள் சப்பாத்துகளைத் தேடினோம்.

மறுநாள் பஸ்ஸில் நான் எழுந்து நின்று எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். டின்னில் போட்டதைத் திருப்பித் தருகிறேன் என்றேன். ஒருத்தர் கூட வாங்கவில்லை. சாவுக்கு என்று போட்ட காசை வீட்டுக்குள் திருப்பிக் கொண்டுபோகக் கூடாதாம். "வேணாங்க்கா, பூனைக்கே இருக்கட்டும். எங்க வீட்டுக்கு வேணாம்" என்று கையை ஆட்டினார்கள். மூன்று பஸ் காசு. இரண்டு குட்டிகளின் வைத்தியச் செலவும் போக மிச்சம் இருந்தது. அதை டாக்டரம்மாவிடமே கொடுத்தோம், அடிபட்டு வருகிற அநாதைப் பூனைகளுக்காக. டாக்டரம்மா காசுக்கு இரண்டு நாள் பொறுத்துக்கொண்டதால் சங்கிலி அலமாரியிலேயே இருந்தது.

தையல் போட்ட குட்டியைத் தொழிற்சாலை வாசலில் கடை வைத்திருக்கும் மஜீதா, ஒரு வாரம் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கிப் போனார். இன்றைக்கு வரை திருப்பித் தரவில்லை. மூன்று கால் குட்டி அண்ணனிடம் இருந்தது.

லோஷினி இரண்டு நாள் இருந்துவிட்டுச் சிகாமட்டுக்குப் போனாள். ஒரேயடியாக எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூப்பிட்டபோது அவள் எடுத்தாள். "குட்டி சாப்பிட்டுச்சா?" என்று கேட்டாள். "சாப்பிட்டுச்சு" என்றார். வைத்துவிட்டாள். அதற்கடுத்த வாரமும் அதே கேள்விதான். இப்படி ஏழெட்டு வாரம் ஓடியது. பிறகு ஒரு திங்கட்கிழமை நான் பஸ்ஸில் ஏறினால், அண்ணன் கோப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"பிரேமலா, நேத்து 'நீங்க சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டுச்சு."

வண்டியில் மாட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன்.

ஏப்ரலில் அவள் அப்பாவைத் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். அவர் ஒரு மாதம் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வண்டிச் சாவியைத் தவுக்கேயிடம் ஒப்படைத்தார். நான் வேண்டிக்கொண்டதுதான் நடந்தது. நன்றி சொல்லி நெய் விளக்கும் போட்டேன். ஆனால் அந்த விளக்கை ஏற்றும்போது மனசில் ஏதோ ஒன்று இறங்கிப்போனதை அம்மனிடம் மறைக்க முடியுமா?

இப்போது ஓட்டுகிற பையன் நல்ல பையன். ஹார்ன்தான் கொஞ்சம் அதிகம். நெடுஞ்சாலைத் திருப்பத்தில் அந்தப் பெரிய பள்ளம் வரும்போது, "மெதுவாண்ணே" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். சிகாமட்டில் ஆற்று வெள்ளம் ஏறுகிறது என்று டிவியில் சொன்னால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று எத்தனையோ தடவை நினைத்துவிட்டேன். வாரத்தில் ஆறு நாள் கேண்டீன். ஏழாம் நாள் துணி துவைக்கணும், கோயிலுக்குப் போகணும். தூரம் ஒன்றும் அதிகமில்லை. ஆனாலும் போகவில்லை.

அவர் புறப்பட்ட சனிக்கிழமை, லோஷினி பெரியம்மா மகனின் காரைக் கொண்டுவந்திருந்தாள். அவள்தான் ஓட்டினாள். போகிற வழியில் என் சந்து முனையில் நிறுத்தச் சொல்லி அண்ணன் இறங்கினார். மடியில் இருந்த பூனைக்குட்டிக் கூடையைச் சீட்டில் வைத்துவிட்டு வந்தார். மற்றவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்து பழக்கமில்லாததால் கால் மரத்துப்போய்விட்டதாம். எனக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. ஒன்பது வருடத்துப் பேச்சு. வழியில் சாப்பிடச் செய்திருந்த புளிச்சோற்றுப் பொட்டலத்தைக் கொடுத்தேன், அவ்வளவுதான். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ஒரு நாள் சிகாமட்டுக்கு வர்றேண்ணே" என்றேன். "வர்றதுக்கு முன்னாடி சொல்லிட்டு வர்றேன்."

அவர் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"சொல்லிட்டு வராத, பிரேமலா. சொன்னா காலையிலேர்ந்து வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அது ரொம்பக் கஷ்டம்மா. சும்மா வந்து நில்லு. நான் வீட்டுலதான் இருப்பேன்."